நாலரை ஆண்டுக் கடன்

சீடன்: ஐயா, ஞாயிறுதோறும் ஆராதனையில் கடவுளின் அன்பைப் பற்றிக் கேட்கிறேன். வீடு திரும்பினால் செய்த பாவம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அறிக்கையிட்டு மன்னிப்பும் கேட்டாயிற்று, உறுத்தல் போகவில்லை. மெய்யான விசுவாசம் இருந்தால் அது போயிருக்க வேண்டாமா? கடவுள் என்னை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்?

குரு: அப்படிப் பொருள்கொள்ள வேண்டாம், தம்பி. அன்பு வந்து சேர்ந்த பிறகுதான் பாவம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நாம் வாழும் இந்த நியூ ஜெர்சியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. மவுண்ட் ஹாலியில் ஒரு கடையில் கணக்கெழுதிய ஜான் உல்மன் 1720இல் பிறந்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர். கடவுளை நேசிக்கும் உள்ளம் எல்லா மனிதருக்கும், வாயில்லாப் பிராணிகளுக்கும்கூட, நீதி செய்யக் கற்கும் என்று இளவயதிலேயே நம்பியவர். ஒருநாள் முதலாளி, தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்க விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். உல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. கிறிஸ்தவ மார்க்கத்துக்கு இது அடுக்காது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொன்னார். சொன்னவர், பத்திரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பிற்பாடு வேறொருவர் அதே வேலையைக் கேட்டபோது மறுத்தார். அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உயில்களையும் எழுத மறுத்தார். 1754இல் அடிமை முறைக்கு எதிராக நூலே வெளியிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் பழைய காரியம் ஒன்று அவரை விடவில்லை. ஓர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவருக்கும் இன்னொருவருக்கும் வந்தபோது, இருவருமாக ஒரு கறுப்பினப் பையனை 30 வயதுவரை உழைக்கும்படி விற்றிருந்தார்கள். சொந்தப் பிள்ளைகள் 21 வயதுவரைதான் அப்படி வேலை செய்வது வழக்கம். ஆக 9 ஆண்டு அநியாயம்; அதில் தம் பங்கு பாதி. அந்தக் கடைசி நாலரை ஆண்டுக்கு உரிய நியாயமான தொகையை, அவனை வாங்கியவருக்குத் தாமே தருவதாகப் பத்திரம் எழுதினார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடவுள் கைவிட்ட மனிதனா இப்படிக் கணக்குப் பார்ப்பான்?

சீடன்: உறுத்தல் யூதாசுக்கும் இருந்ததே, ஐயா! அவனும் 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான்.

குரு: சரியான இடத்தில் மடக்கினாய். உறுத்தல் மட்டுமே சாட்சியாகாது. அது எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். யூதாஸ் காசை ஆசாரியர்களிடம் எறிந்தான். அவர்கள் அவனோடு பேரம் பேசியவர்கள். அநியாயம் செய்யப்பட்டவரோ இயேசு. அவர் முகத்தைப் பார்க்க அவன் காத்திருக்கவில்லை. பேதுருவும் மறுதலித்தவன்தான், மனங்கசந்து அழுதவன்தான். ஆனால் மற்றச் சீடர்களோடு தங்கினான், அவரை மறுபடி சந்தித்தான். சகேயுவின் கதையில் வரிசையைக் கவனி. அவன் மரத்திலிருந்து இறங்கி ஒரு வாக்குறுதியும் கொடுப்பதற்கு முன்பே, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார் இயேசு. நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது அதன் பிறகு. தான் தள்ளுண்டவன் என்று நினைப்பவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான், முடியாவிட்டால் தன்னை அழித்துக்கொள்வான். ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குத்தான் எதிரில் நிற்பவனைப் பார்க்கக் கண் ஓய்வாக இருக்கும்.

சீடன்: அப்படியானால் அன்பை முதலில் கொடுத்துவிட்டால் பாவம் மலிந்துபோகாதா? பயம்தானே மனிதனைத் திருத்தும்?

குரு: கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியைப் பவுலே ரோமருக்கு எழுதும்போது எழுப்பி, கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். பயத்தின் பலனையும் சரித்திரத்தில் பார்க்கலாம். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராக வந்து, 1758 மார்ச்சில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். 1741 ஜூலையில் என்ஃபீல்டில் கடவுளின் கோபத்தைப் பற்றி அவர் பிரசங்கித்தபோது கூட்டம் வாய்விட்டு அலறியது. ஆனால் 1731இல் நியூபோர்ட்டில் அவர் விலைக்கு வாங்கிய வீனஸ் என்ற சிறுமியைப் பற்றி அந்த அலறல் ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்புவேனா என்பதுதான் பயம் கேட்கத் தெரிந்த கேள்வி; அவளுக்கு என்ன ஆயிற்று என்று அது கேட்பதில்லை. எட்வர்ட்ஸ் அன்பைப் பற்றியும் ஆழமாக எழுதியவர், அதை மறைக்கக் கூடாது. அவருடைய மாணாக்கர் சாமுவேல் ஹாப்கின்ஸ் 1776இல் அடிமை முறையைக் கண்டித்து எழுதியபோது, குருவிடம் கற்றதில் அவருக்குக் கைகொடுத்தது தன்னலமற்ற அன்பைப் பற்றிய போதனைதான். குரு நின்ற இடத்தைத் தாண்டிப் போன சீடன். அப்படிப் போவதில் தவறில்லை, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சீடன்: எட்வர்ட்ஸ் அந்தக் காலத்து மனிதர், அவருக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

குரு: அதே காலத்தில் உல்மனுக்குத் தெரிந்ததே. எட்வர்ட்ஸ் இறந்த அதே 1758இல்தான், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களை வீடு தேடிச் சென்று கண்டு பேசுவது என்று பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக்கூட்டம் தீர்மானித்தது. அதற்காக வாதாடியவர்களில் உல்மன் ஒருவர். காலத்தின்மேல் பழிபோடுவது நமக்கும் வசதிதான். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதினார். கடவுளின் அன்பைப் பாடுகிற வாய்க்கும் தன் பாவம் தெரியாமல் போகலாம். ஆகையால் உறுத்தல் இல்லாத பக்தியைக் கண்டு நீ பொறாமைப்பட வேண்டாம்.

சீடன்: உல்மன் பணம் தருவதாக எழுதிக்கொடுத்ததால் அந்தப் பையன் இழந்த ஆண்டுகள் திரும்பி வந்துவிடுமா?

குரு: வராது. அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தால் விற்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கும் அவரால் ஒன்றும் செய்ய முடிந்ததாகத் தெரியவில்லை. மன்னிப்பு, நடந்ததை நடக்காததாக ஆக்காது. கிறிஸ்தவ வேதம் அப்படிச் சொல்லவும் இல்லை. நாலரை ஆண்டு அவர் கைக்கு எட்டியது, அதைச் செய்தார். உன் உறுத்தல் போக வேண்டும் என்று இனி ஜெபிக்காதே, தம்பி. உன்னால் இழந்தவர் யார், எவ்வளவு இழந்தார் என்று ஒரு தாளில் எழுது. எழுதி முடித்ததும் என்னிடம் வர வேண்டாம், அவரிடம் போ.