தட்டிப் பார்க்க முடியாத பானை

வில்லியனூரில் பானை வாங்கியிருக்கிறீர்களா? சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. நான் வழக்கமாகப் பானை வாங்கும் அம்மா, அதை என் கையில் தருவதற்கு முன்னால் தானே விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். 'டங்' என்றால் நல்ல பானை. 'டொத்' என்றால் எங்கேயோ கீறல். ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நூறு ரூபாய் சமாசாரம்!

அதே ஊரில் 2025 ஏப்ரலில் நான் ஒரு கார் விற்றேன். தட்டிக் காட்டவில்லை.

பத்து வருஷம் ஓடிய சின்ன கார். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, அதை டவுனில் ஒரு பள்ளமான தெருவில் நிறுத்தியிருந்தேன். 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. மறுநாள் போய்ப் பார்த்தால், சீட் உயரத்துக்குத் தண்ணீர். ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஸ்டார்ட் பண்ணவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மெக்கானிக் கட்டி இழுத்துப் போனார். ஆயிலை மாற்றி, சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, பதினைந்தாவது நாள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஜோராக ஓடியது. "ஆனா சார், வயரிங்குக்கு மட்டும் நான் கேரண்டி தர மாட்டேன்" என்றார். கனெக்டருக்குள் போன ஈரம் உடனே வேலையைக் காட்டாது. செம்பு மெள்ள மெள்ளப் பச்சை பூத்து, ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து ஒருநாள் வண்டி நின்றுவிடலாம். எங்கே, எந்நேரத்தில் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

வாங்க வந்தவர் பாகூர் பக்கத்து விவசாயி. டயரைப் பார்த்தார். கிலோமீட்டரைப் பார்த்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். நாம் எல்லோரும் பழைய காரை இப்படித்தானே பார்க்கிறோம்? சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்திருந்தால் சேற்றுக் கறை தெரிந்திருக்கும். இழுக்கவில்லை.

"அப்பாவுக்கு மூச்சுத் திணறல் சார். ராத்திரியில ஜிப்மருக்குத் தூக்கிட்டு ஓடணும்னா வண்டி கிடைக்க மாட்டேங்குது" என்றார். பிறகு என் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல மேடு. இங்கல்லாம் தண்ணி வந்திருக்காது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காபி சாப்பிடுறீங்களா?"

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அவர் கார் நின்ற இடத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதும் சத்தியம். உறுத்தியது. அதனால் அவர் கேட்ட விலையைவிடப் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தேன். மனசு லேசானது. அடுத்த வாரம் மனுஷர் தன் வயலில் விளைந்த அரிசியில் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். "இந்தக் காலத்துல யார் சார் தானா விலையைக் குறைக்கிறாங்க?" புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். சோறு பூப்போல இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

பி.காம். படித்தவன் நான். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. அதில் ஒரு குதிரை வரும். சீக்குக் குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. அது மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குவது அவருடைய சொந்த மகளாக இருந்தால்? அப்போது சொல்லியே ஆகவேண்டும். இன்னொன்று: 'நீங்கள் மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இதையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன்தான், மேட்டைப் பார்த்து அந்த மனுஷர் சொன்னதற்குக் காபியை நீட்டினேன்.

சரி, பத்தாயிரம் குறைத்தேனே? அங்கேதான் வேடிக்கை. காரணத்தைச் சொல்லிக் குறைத்திருந்தால் அந்தப் பணத்தில் அவர் வயரிங்கைப் பார்த்திருப்பார். இல்லை, 'நமக்கு வேணாம் சார்' என்று போயிருப்பார். இரண்டுமே அவர் எடுக்கவேண்டிய முடிவு. நான் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு மூட்டை அரிசியையும் எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் மக்கர் பண்ணும் காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். (நாம் என்னடாவென்றால் புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம்!) பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் வேண்டாம் என்று திருப்பிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு. விஷயம் சிம்பிள். எது நல்ல கார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாக் காருக்கும் நடுத்தரமாக ஒரு விலைதான் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் 'இந்த விலைக்கா?' என்று விற்காமல் இருந்துவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சை. அப்படியானால் நான் வாயை மூடியதால் நஷ்டப்பட்டவர் பாகூர்க்காரர் மட்டுமில்லை. காரைக் கண்ணாக வைத்திருந்து, உள்ளதைச் சொல்லி விற்க நினைக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் நான் விலையை இறக்கிவிட்டேன்.

ஜூன் மாசம் ஒருநாள் போன் செய்து, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ராத்திரியில நம்பி எடுக்கலாமா சார்?" என்றார். வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணத்தையும் தருகிறேன் என்றேன். "இன்னொரு வண்டிக்கு எங்க சார் அலையுறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதே மெக்கானிக் தரை மேட்டைத் தூக்கிக் காட்டினார். கீழே இன்னும் வண்டல். இரண்டு கனெக்டரில் பச்சை. சாயங்காலம்வரை வேலை நடந்தது. பில்லை நான் கொடுத்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இனிமே நிக்காதே?" என்று கேட்டார்.

"நிக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா கேரண்டி தர மாட்டேன்" என்றார் மெக்கானிக்.

அவர் ஒரு நிமிஷம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார். காபிக்குக் கூப்பிட்டேன். அப்பா தனியாக இருக்கிறார் என்று கிளம்பிவிட்டார்.