எப்படியும் சாகப்போகிற ஆடுதானே?

"எப்படியும் வெட்டப்போகிற ஆடு. உயிரோடு கப்பலேற்றி எப்படிக் கொண்டுவந்தால் என்ன?" ஜொகூர் பாருவில் நன்கு படித்தவர்களே கூச்சமின்றிக் கேட்கிற கேள்வி இது. நீங்களும் நானும்கூட எப்படியும் சாகப்போகிறவர்கள்தாம். அதற்காக நம்மை யாரும் வதைக்கலாமா?

நான் இறைச்சி சாப்பிடுகிறவன். யாரையும் சைவத்துக்கு மாறச் சொல்லவில்லை. அடுத்த பிறவியில் ஆடாகப் பிறப்பாய் என்று பயமுறுத்தவும் மாட்டேன். அந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அடித்தால் வலிக்கும் உடம்பு ஆட்டுக்கும் உண்டு. இதை அறிய வேதம் வேண்டாம், கண் போதும்.

2017 ஆகஸ்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன 'அவாசி எக்ஸ்பிரஸ்' கப்பலில் ஏறக்குறைய 64,000 செம்மறிகள். சுமார் 2,400 ஆடுகள் வெக்கையில் செத்தன. கப்பலில் பயிற்சி அதிகாரியாக இருந்த பாகிஸ்தானிய இளைஞர் பைசல் உல்லா எடுத்த படங்கள் 2018 ஏப்ரலில் தொலைக்காட்சியில் வந்தன. வாயைப் பிளந்து, நாக்கு வெளியே தள்ள மூச்சிரைக்கும் ஆடுகள். காலடியில் புழுக்கையும் மூத்திரமும் குழைந்த சகதி. அதிலிருந்து கிளம்பும் நெடி. புழுக்கமான காற்றில் எவ்வளவு இரைத்தாலும் உடம்புச் சூடு இறங்காது. ஆடு தன் கம்பளிக்குள்ளேயே அவிந்து சாகிறது.

அதைவிட என்னை உலுக்கியது கணக்கு. ஆஸ்திரேலியாவின் அன்றைய விதிப்படி ஒரு பயணத்தில் 2 விழுக்காடு செம்மறிகள் செத்தால்தான் விசாரணை. அதாவது அந்தக் கப்பலில் 1,200 ஆடுகள் செத்திருந்தால் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை! பிறகு அதை 1 விழுக்காடாகக் குறைத்தார்கள். இந்தக் கணக்குக்குச் சம்மதித்தது யார்? காசு கொடுத்து வாங்குகிற நாம் இல்லையா?

மனிதர்களும் தப்பவில்லை. 2020 செப்டம்பரில் நியூசிலாந்திலிருந்து சீனாவுக்கு 5,800-க்கும் மேற்பட்ட மாடுகளோடு போன 'கல்ஃப் லைவ்ஸ்டாக் 1' புயலில் மூழ்கியது. மாலுமிகள் 43 பேர், பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். உயிர் பிழைத்தவர் இருவர். நியூசிலாந்து 2023-இல் இந்த வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. 2028 மே முதல் கடல்வழி செம்மறி ஏற்றுமதி கிடையாது என்று ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியிருக்கிறது. விற்பவனுக்கே மனம் உறுத்துகிறது. வாங்குபவனுக்கு?

"உயிரோடு வந்தால்தான் ருசி" என்பார்கள். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகும் கோழி லோரிகள் நின்றன. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் அங்கே பஞ்சமா வந்தது? குளிரூட்டிய கோழி வந்தது, சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். நம் சந்தைகளிலும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி உறைந்தோ குளிரூட்டியோதான் வருகிறது. அப்படியிருக்க, ஆஸ்திரேலிய மாடுகள் இன்னமும் ஏன் உயிரோடு கப்பலேறி இங்கே வரவேண்டும்?

நம் தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்தில் ஏறி, 'ரஜூலா' கப்பலின் தளத்தில் நெருக்கியடித்து வந்த கதையைக் கண் கலங்கச் சொல்கிறோம். மனிதரை மாட்டோடு ஒப்பிடுகிறாயா என்று சீறவேண்டாம். நான் ஒப்பிடுவது ஏற்றியவனின் மனத்தை: எத்தனை ஏற்றலாம், எத்தனை போனால் நட்டமில்லை.

நம் விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி, விலங்கை வதைத்தால் குறைந்தது 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கரையில் செய்தால் குற்றம். நமக்காக நடுக்கடலில் நடந்தால் இறக்குமதியா?

இந்தத் தீபாவளிக்கு இறைச்சிக் கடையில் நிற்கும்போது, இது எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மொத்த வியாபாரியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் விருந்துக்கு வருவார். நியூசிலாந்து விற்க மறுத்ததை மலேசியா ஏன் இன்னும் வாங்குகிறது என்று அவரிடமும் கேளுங்கள்.