கண்டதும் சொன்னதும்



நம் திருவண்ணாமலையில் விளக்குகளின் வெளிச்சத்தால் இரவு வானம் வெளிறிக் கிடக்கிறது. வடக்கே ஜவ்வாது மலைக்குப் போனால் இருட்டு இருட்டாகவே இருக்கும். விஞ்ஞானி வைணு பாப்பு 1960-களில் தேடிக் கண்டெடுத்த காவலூர் அம்மலையில்தான் உள்ளது. அங்குள்ள வானாய்வு நிலையம் 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட இருண்ட இடங்களை நாடி, இதைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர் சிலரும் சிறு தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி, வெகு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களைப் படம் பிடிக்கிறார்கள்.

அந்த ஒளி மிக மங்கலானது. ஆகையால் சில நிமிஷம் வீதம் நூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பார்கள். மண்டலத்தின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும். காமிராவின் கறைப்புள்ளிகளோ இடம் மாறி விழும். நூறு படம் சேர்ந்தால் தெளிவு பத்து மடங்காகும்.

இது உண்மைப் படமா, ஒப்பனையா என்று நீங்கள் கேட்கலாம். வந்து விழுந்த ஒளியைத் தூக்கிக் காட்டுவது பொய்யல்ல. மங்கிய எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசிப்பதைப் போன்றது அது. வராத ஒளியைத் தீட்டுவதே பொய். இன்றைய கம்ப்யூட்டர் அதையும் நொடியில் செய்து கொடுக்கும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. படம் எடுத்தவனுக்கு அவன் மனச்சாட்சி ஒன்றே காவல்.

படம் உண்மையாயிருந்தாலும் போதாது. பார்ப்பவனும் நிதானிக்க வேண்டும். பூரட்டாதி மீன்கள் உள்ள பெகாசஸ் கூட்டத்தில், ஐந்து மண்டலங்கள் நெருங்கி நிற்பதை பிரெஞ்சு வானியலார் ஸ்டீபன் 1877-ல் கண்டார். ஐந்தும் ஒரே குடும்பம்போல் தோன்றும். 1961-ல் பர்பிட்ஜ் தம்பதியர் அவற்றின் ஒளியைப் பிரித்து அளந்தபோது, ஒன்றன் வேகம் மட்டும் மற்றவற்றோடு ஒவ்வாதிருந்தது. அந்த ஒன்று சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது; மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். பார்வைக்கு அருகருகே நின்றன, அவ்வளவே.

வாசகரே, பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அருகருகே நின்றதைக் காண்கிறோம். கண்டது அவ்வளவே. ஆனால் நாம் வீடு வந்து சேருமுன் அது ஒரு கதையாகிவிடுகிறது. அண்டை வீட்டில் அதற்குக் கையும் காலும் முளைக்கின்றன. அந்தக் கதையால் அவளுடைய கலியாணம் நின்றுபோனால், அதற்கு யார் உத்தரவாதம் சொல்வது? "நான் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னேன்" என்பது போதுமா?

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதல்ல, திண்ணைக்கும் உரியது. தனியே இரவில் உட்கார்ந்து படம் எடுப்பவன், தான் காணாத ஒரு புள்ளியையும் சேர்க்க அஞ்சுகிறான். அது உயிரற்ற வானத்தைப் பற்றியது. நாமோ உயிருள்ள அயலாரின் நற்பெயரைப் பற்றிப் பேசுகிறோம். ஆகையால் ஒருவரைப் பற்றி வாய் திறக்குமுன், "இதில் நான் கண்டது எவ்வளவு, நானே தீட்டியது எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வோமாக. தீட்டியதை விலக்கிய பின் சொல்ல ஒன்றும் மிஞ்சாவிட்டால், மௌனமாயிருப்பதே நீதி.