விவாக வெள்ளிவிழாவும் தீவுப் பிரயாணமும்



முன்னாளில் நம் குடும்பங்களில் விவாக ஆண்டு நாள் வந்தால், அன்று ஒரு பூசைக்குச் சொல்லி, வீட்டில் பாயசம் வைத்து, பெரியவர்களிடம் ஆசீர் பெறுவதோடு காரியம் முடிந்துவிடும். இந்நாளிலோ, பிள்ளைகள் சம்பாத்தியத்துக்கு வந்ததும், "அப்பா, அம்மா, இருபத்தைந்து வருஷம் எங்களுக்காக உழைத்தது போதும்; ஒரு வாரம் நீங்கள் இருவரும் போய் வாருங்கள்" என்று பிரயாணச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து ஆகாய விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தமான் தீவு வந்துவிடுகிறது. இது வீண் ஆடம்பரமல்லவா என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு.

ஓய்வு பாவமன்று. சாப்பிடவும் நேரமில்லாமல் உழைத்துக் களைத்த அப்போஸ்தலர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தவர் திவ்விய சேசுநாதரே. அவர் தமது முதல் புதுமையைச் செய்ததும் ஒரு கலியாண வீட்டில்தான். ஆகையால் போகலாமா கூடாதா என்பதல்ல நம் கேள்வி. என்ன மனதோடு போகிறோம், போன இடத்தில் என்ன செய்கிறோம், திரும்பி வரும்போது என்ன கொண்டு வருகிறோம் என்பதே கேள்வி.

முதலாவது, எதைக் கொண்டாடுகிறோம் என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அநுமானம் கலியாணப் பந்தலைப் பிரிக்கிற அன்றே முடிந்துபோகிற காரியமன்று. 11-ம் பத்திநாதர் பாப்பரசர் 1930-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி விவாகத்தைப் பற்றி எழுதிய நிருபத்தில், அர்ச். ராபர்ட் பெல்லார்மின் என்பவரின் போதனையை எடுத்துக் காட்டுகிறார். அதன் சாரம் என்னவெனில்: திவ்விய நற்கருணை எழுந்தேற்றம் செய்யப்படும்போது மட்டுமல்ல, பின்னும் பேழைக்குள் நிலைத்திருப்பது போல, விவாகமும் தம்பதிகள் உயிரோடு இருக்குமட்டும் நிலைத்திருக்கிறது என்பதாம். அன்று ஒருவருக்கொருவர் அந்த அநுமானத்தைக் கொடுத்துக் கொண்டவர்கள் நீங்களே. குருவானவர் திருச்சபையின் பேரால் சாட்சியாக நின்றார். அந்த வரப்பிரசாதம் 25 ஆண்டுகளாக உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடுப்படியிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும், மாதக் கடைசியிலும் அது உங்களோடு இருந்தது. ஆண்டு நாள் என்பது பழைய சம்பவத்தின் ஞாபகம் மட்டுமல்ல. இன்றும் ஓடுகிற ஊற்றின் அருகில் மறுபடி போய் நிற்பதாகும்.

திருச்சபை இந்நாளை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியம் கேளுங்கள். உரோமாபுரியில் லூயிஜி பெல்த்ராமே குவாத்ரோக்கி என்னும் வழக்கறிஞரும், மரியா கொர்சினி என்னும் பெண்மணியும் 1905 நவம்பர் 25-ல் புனித மரியா பெரிய கோவிலில் விவாகம் செய்தார்கள். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். நாலாவது பிள்ளையைக் கருத்தரித்தபோது தாயின் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர்கள் சொல்லியும், இருவரும் ஜெபித்து அந்தச் சிசுவைக் காப்பாற்றினார்கள். 1914-ல் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். 2001 அக்டோபர் 21-ல் 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் இருவரையும் சேர்த்து முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தினார். தம்பதிகளாக ஒன்றாய் இந்த மேன்மை பெற்றவர்களில் இவர்களே முதல்வர். பெரும்பாலும் அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள் அவர்கள் மரித்த நாளில் வரும். இவர்களுக்கோ நவம்பர் 25, அதாவது விவாகம் நடந்த நாளே, திருநாளாயிற்று. மோட்சத்துக்கு அவர்கள் புறப்பட்ட நாள் அதுதான் என்று திருச்சபை சொல்லுவது போல் இல்லையா?

இரண்டாவது, தீவில் காணப்போகிறவற்றைக் கண் திறந்து பாருங்கள்.

அந்தமானுக்குப் போகிறவர்கள் எல்லோரும் செல்லுலார் சிறையைப் பார்க்கத் தவறுவதில்லை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. நடுவில் ஒரு காவல் கோபுரம்; அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு கட்டிடங்கள், மூன்று அடுக்குகளாக, அன்று இருந்தன. ஏறக்குறைய 700 அறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 13½ அடி நீளம், 7½ அடி அகலம், ஓர் ஆளுக்கு ஓர் அறை. ஒரு கட்டிடத்தின் முகப்பு அடுத்த கட்டிடத்தின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரு கைதி எதிரே பார்த்தால் சுவர்தான். இன்னொரு மனிதனின் முகம் தெரியாது. நம் தேசத்தின் விடுதலைக்காகப் பாடுபட்டவர்களைச் சங்கிலியால் மட்டுமல்ல, முகம் பார்க்க முடியாத தனிமையாலும் ஒடுக்க நினைத்தார்கள்.

அங்கே நிற்கும்போது அந்தத் தியாகிகளை நன்றியோடு நினைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் வீட்டையும் நாம் இப்படிக் கட்டிவிட்டோமா? ஒரே கூரையின் கீழ், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு, எத்தனை வருஷம் போயிற்று?

ஒரு தம்பதியை மனதில் நினைத்துக் கொள்வோம். கணவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி வீட்டில் தையல் தைத்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தவள். பிள்ளைகள் அனுப்பித் தீவுக்கு வந்திருக்கிறார்கள். முதல் நாள் கடல் அழகு என்றார்கள்; சாப்பாட்டில் காரம் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் பேச ஒன்றும் இல்லை. இத்தனை காலம் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, மகளுக்கு வரன் என்றே பேசிப் பழகியவர்கள். அவை இல்லாத இடத்தில் வார்த்தையும் இல்லாமற் போயிற்று. கணவர் கைப்பேசியையே பார்த்துக் கொண்டிருக்கிறார். மனைவி அலையைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் மாலை. அந்தத் தீவில் சூரியன் சீக்கிரமே அடைந்துவிடும். மார்கழியில் 5 மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கும். அந்த நீண்ட இருட்டில் கணவர் சொல்லுகிறார்: "என் தங்கை கலியாணத்துக்கு உன் வளையல் நாலையும் வாங்கி அடகு வைத்தேன். மீட்டுத் தருகிறேன் என்றேன். ஏலத்தில் போய்விட்டது. நீ ஒரு நாளும் கேட்கவில்லை." மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வளையல் போனது எனக்குத் துக்கமில்லை. போய்விட்டது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது" என்றாள்.

பதினெட்டு வருஷத்துச் சுவர் அது. வளையல் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் "என்னை மன்னித்துக் கொள்" என்று சொன்னபோது அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தது. பிரியமானவர்களே, அந்தப் பிரயாணச் செலவு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆனது என்றாலும் நஷ்டமில்லை. அதே சமயம், அந்த வார்த்தைக்குக் கடல் கடந்து போக வேண்டிய அவசியமும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் நம் வீட்டுத் திண்ணையிலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.

தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் இருக்கும் பவளத் திட்டுகளையும் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் காட்டுவார்கள். பவளம் கல் அன்று. சிற்றுயிர்கள் கூடி வாழும் கூட்டம். அதன் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் பாசிக்கு இடம் கொடுக்கிறது. பாசி சூரிய ஒளியால் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. அழகிய நிறமும் பெரும்பாலும் பாசியாலேயே வருகிறது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். தள்ளியதும் வெளுத்துப் போகும். 2010-ல் அந்தமான் கடலில் இப்படித் திட்டுத் திட்டாய் வெளுத்தன. ஆனால் கவனியுங்கள்: வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பி வரும், நிறமும் உயிரும் திரும்பும். சூடு நீடித்தால்தான் மரணம்.

இதற்கு விளக்கமும் வேண்டுமா? கோபம் ஏறாத குடும்பம் இல்லை. சூரியன் அடையுமுன் கோபத்தைத் தணித்துக் கொள்ளும்படி அர்ச். சின்னப்பர் எபேசியருக்குப் புத்தி சொல்லுகிறார். வெளுத்துப்போன அன்பைச் செத்துப்போன அன்பு என்று எண்ணி அவநம்பிக்கை கொள்ள வேண்டாம். சூட்டைத் தணியுங்கள், இன்றைக்கே தணியுங்கள்.

மூன்றாவது, போகிறவர்களுக்குச் சில புத்திமதிகள்.

கடன் வாங்கிப் போகாதீர்கள். வயதான தாய் தகப்பனைப் பார்த்துக் கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போங்கள். புறப்படுமுன் இருவரும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, கூடுமானால் இங்கே பூசையில் உங்கள் விவாக வாக்குத்தத்தத்தைப் புதுப்பித்துக் கொள்ளுங்கள். பிரயாணத்திலும் ஞாயிறு கடன் உண்டு. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் அது நிறைவேறும். போர்ட் பிளேர் என்ற பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றினார்கள். அவ்வூரில் சமுத்திர நட்சத்திரமாகிய தேவமாதாவின் பேரால் மேற்றிராசனக் கோவில் இருக்கிறது. அந்தத் தீவுகள் 1984 முதல் தனி மேற்றிராசனமாக இருக்கின்றன. கடற்கரைக்குப் போகுமுன் அந்தத் தாயிடம் போங்கள். பவளத் துண்டு ஒன்றையும் எடுத்து வராதீர்கள். சட்டம் தடுக்கிறது, மனச்சாட்சியும் தடுக்க வேண்டும். எடுத்த படங்களை ஊரெல்லாம் காட்டி, போக வசதியற்றவர்களின் மனதை நோகச் செய்யாதீர்கள்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தீவு வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, பூசை முடிந்தபின் கோவில் முற்றத்து மரத்தடியில் அரைமணி நேரம் இருவரும் உட்காருங்கள். அவர் ஒரு நன்றி சொல்லட்டும்; அவள் ஒரு குறை சொல்லட்டும்; இருவரும் ஒரு மன்னிப்புச் சொல்லட்டும். துணையை இழந்து தனியே ஆண்டு நாளைக் கழிக்கிறவர்களையும், பிரிந்து வாழ்கிறவர்களையும் மறவாதீர்கள். அந்நாளில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் பாயசத்தில் ஒரு கிண்ணம் கொடுத்து வருவது மேலான தர்மம்.

கானாவூரில் ரசம் தீர்ந்துபோனதை முதலில் கண்டுகொண்ட தேவதாயே, எங்கள் வீடுகளில் எது தீர்ந்துபோயிற்று என்பதை எங்களுக்கு முன்பே நீர் அறிந்திருக்கிறீர். உமது திருக்குமாரனிடம் எங்களுக்காகச் சொல்லும். திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பரே, எங்கள் தம்பதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் அன்போடு பார்த்து வாழவும், முடிவில் சர்வேசுரனுடைய திருமுகத்தை ஒன்றாய்த் தரிசிக்கவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.