பிரிந்த வீட்டைக் கண்டு நகைக்கலாமா?

குடும்பக் கலகத்தைக் கண்டு நகைப்பது முறையோ என்று அன்பர் ஒருவர் வினவினார். 1971 முதல் 1979 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஆல் இன் த பேமிலி' என்னும் நகைச்சுவைத் தொடர் வந்தது. கறுப்பரையும் யூதரையும் இகழும் ஆர்ச்சி பங்கர், தம் வீட்டிலேயே குடியிருக்கும் மருமகனோடு ஓயாது சண்டையிடுவார். அவருடைய அறியாமையை எள்ளவே அது ஆக்கப்பட்டது. ஆயினும் அவர் சொல்வதே சரியென்று மகிழ்ந்தோரும் உண்டு. நகைத்தவர் யாவரும் ஒன்றைக் கண்டு நகைக்கவில்லை.

பிறரைச் சொல்வானேன்? விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' 1986-இல் வெளிவந்தது. பணக்கணக்கில் தந்தைக்கும் மூத்த மகனுக்கும் பிணக்கு முற்றி, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. ஆலையில் உழைத்த நாளில் அதைப் பெங்களூரில் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்போது என் வீட்டில், ஒரே கூரையின்கீழ், எனக்கும் தம்பிக்கும் இரண்டு அடுப்பு! அரிசிக் கணக்கில் நான் அவனைப் பேசிய பேச்சு, ரகுவரன் ஏற்ற அம்மகனின் பேச்சினும் கொடிது. கொட்டகையில் அது என் நினைவிற்கு வரவேயில்லை. அந்நகைப்பைத்தான் குற்றம் என்கிறேன், படத்தையன்று.

சமாதானமான பின்பும் மூத்த மருமகள் தனிக்குடித்தனமே வேண்டுமென்கிறாள். அம்முடிவு அன்று எனக்குக் கசந்தது. இன்று ஞாயிறுதோறும் தம்பி வீட்டிற்குப் போய் வருகிறேன்.