நமக்கு முன் எழுதியவர்

நாவல் எழுதப்போகிறோம் என்று பத்து வருடமாகச் சொல்லித் திரிகிறவர்கள் நாம். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவுகிறோம். எழுத நேரமில்லை என்பதே இதுவரை நாம் சொல்லிவந்த நியாயம்.

ஷோபாசக்தியின் முதல் நாவல் 'கொரில்லா' 2001இல் வெளிவந்தது. நாம் அதைப் பிந்தித்தான் வாசித்தோம். ஸ்காபரோ நண்பர் ஒருவர் தந்த பிரதியை வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் தொடங்கி, விடியுமுன் முடித்தோம். முடித்ததும் எமக்கு வந்தது எரிச்சல். 'இதிலென்ன புதுமை? இதெல்லாம் எமக்கும் நடந்ததுதானே' என்றது மனம்.

அது விமர்சனமல்ல, பொறாமை. எல்லோரும் பட்ட துன்பத்தை ஒருவர் முந்தி எழுதிவிட்டால், மற்றவர்களின் பங்கை அவர் எடுத்துக்கொண்டதாகுமா? 1993இல் பிரான்சுக்கு வந்த அவரும் கோப்பை கழுவியவர்தான். ஆகவே நேரமில்லை என்ற எமது நியாயமும் நிற்கவில்லை.

நாவல் ஓர் அகதி விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. அப்படியொன்றை நாமும் இங்கே குடிவரவு அகதிகள் சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் எம்மைத் துன்புறுத்தியவர்கள் இருப்பார்கள். நாம் துன்புறுத்தியவர்கள் இருக்கமாட்டார்கள். 'கொரில்லா' என்பதோ கதையில் வரும் பையனின் தகப்பனுக்கு ஊர் வைத்த பட்டம். ஊரே பயந்த மனிதர். இயக்கத்துக்குப் போன பின்னும் அந்தப் பெயர் மகனை விடவில்லை. எந்த வழக்கறிஞர் அப்படியொரு தகப்பனை விண்ணப்பத்தில் எழுத விடுவார்?

அதன்பின் எமது கொப்பியை எடுத்துப் பார்த்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டபோது, நடக்கமாட்டாத அம்மம்மாவை நாம் வீட்டில் விட்டு வந்தோம். கொப்பியில், 'நான் வரவில்லை, நீங்கள் போங்கோ' என்று அவரே சொன்னதாக எழுதியிருந்தோம். சொன்னது உண்மை. ஆனால் ஒருவரும் அவரை இரண்டாந்தரம் கேட்கவில்லை. அதை எழுதாமல் விட்டிருந்தோம். நாவலென்று நினைத்து நாம் எழுதிவந்தது இன்னுமொரு விண்ணப்பம்தான்.

நடந்தது எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதும் வேலையை ஒவ்வொருவரும் தானே செய்யவேண்டும். அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். எமது பங்கில் ஒன்றும் குறையவில்லை.

அந்தப் பக்கத்தில், விட்ட வரியை எழுதிச் சேர்த்தோம். அன்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.