காலி நாற்காலி யாருடையது?

காலி நாற்காலிக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அரங்கைக் கட்டியவன், வாடகைக்கு எடுத்தவன், டிக்கெட் அச்சடித்தவன் என்று யாராவது ஒருவனைச் சுட்டிவிடலாம். சட்டப்படி அது சரியான பதில். நியாயப்படி அவ்வளவு எளிதில் தீர்கிற வழக்காக எனக்குப் படவில்லை.

ஜவுளிக்கடையில் இன்று விலைபோகாத வேட்டியை நாளைக்கு விற்கலாம். ஆடித் தள்ளுபடி வரையில்கூடக் காத்திருக்கலாம். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் பந்தாட்டத்தின் நாற்காலிக்கு அந்த ஆயுசு கிடையாது. ஒன்பதரை மணிக்கு அது செத்துப் போகிறது. அதில் ஒருவன் உட்கார்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை; உட்காராததால் யாருக்கும் ஒரு காசு லாபமுமில்லை. அப்படியிருந்தும், காசில்லாமல் வாசலில் நிற்பவனை உள்ளே விடக்கூடாது என்பதில் நாம் எல்லோரும் ஒரே கட்சி. ஏன் என்றுதான் யோசிக்கிறேன்.

2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மும்பையில் இந்தியக் கால்பந்து அணி சீனத் தைபேயை 5–0 என்று வென்றது. தலைவர் சுனில் சேத்ரி மட்டும் மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மும்பை போன்ற மகாநகரத்தில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வருவார்கள். மறுநாள் சேத்ரி காமிராவுக்கு முன்னால் நின்று ஜனங்களைக் கெஞ்சினார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் அரங்குக்கு வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஜூன் 4ஆம் தேதி கென்யாவுடன் ஆட்டம். அது அவருக்கு நாட்டுக்காக 100ஆவது ஆட்டம். டிக்கெட் முழுவதும் விற்றுப்போயிற்று. கொட்டுகிற மழையில் இந்தியா 3–0 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் அவருடையவை.

இதைப் படித்தபோது சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் எனக்கு ஏற்பட்டது. தொழிலில் கைதேர்ந்த ஒருவன் ஏன் கை கூப்ப வேண்டும்? எழுத்தாளன் வாசகனைப் பார்த்து, 'என் புத்தகத்தை வாங்கித் தொலையுங்கள், பிடிக்காவிட்டால் திட்டுங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? (சொல்லத் தோன்றாத எழுத்தாளன் இல்லை என்பது வேறு விஷயம்.) கடமைக்காக வந்தவன் ஒருநாள் வருவான், மறுநாளும் வரவேண்டுமென்றால் அவனுக்கு ருசி பிறக்க வேண்டும். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நம்மில் எத்தனை பேர் முதல் கச்சேரிக்கு நாமாகப் போனோம்? யாரோ ஒரு சித்தப்பாவோ அத்தையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். கொட்டாவி விட்டோம். மூன்றாவது கச்சேரியிலோ நான்காவதிலோதான் காது திறந்தது. ருசி பிறக்கும் முன்னால் யாராவது ஒருவர் வற்புறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. சேத்ரி செய்தது அந்தச் சித்தப்பா வேலை என்று எடுத்துக்கொண்டால் என் சங்கடம் பாதி தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நம் ஊருக்கு வர வேண்டும்.

சென்னையில் ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. இப்போதுள்ள அரங்கம் 1993இல் எழுந்தது. அதற்கு முன் அதே இடத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் வினூ மங்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் குவித்த இடம் அது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுதான் வீடு. அணி சோடையானதல்ல. 2015இலும் 2017–18இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தது. தொடங்கிய ஆண்டுகளில், நடிகரும் கிரிக்கெட் வீரரும் பங்குதாரர்களாக இருந்த மினுமினுப்பிலோ என்னவோ, கூட்டம் அலைமோதியது. மினுமினுப்பு மங்க மங்க நாற்காலிகளின் நிறம் வெளியே தெரிய ஆரம்பித்தது.

இந்த நகரத்துக்கே உரிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கில் அனுமதித் தகராறு ஒன்றால் மூன்று காலரிகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அங்கே ஜனங்கள் இருந்தார்கள், நாற்காலியைத் திறக்க ஆள் இல்லை. இங்கே நாற்காலி திறந்திருந்தது, உட்கார ஆள் இல்லை.

பார்வையாளன் என்பவன் யார் என்ற கேள்விக்குக் கொரோனாக் காலம் ஒரு பதிலைத் தந்தது. 2020 மார்ச் 14ஆம் தேதி கோவாவில் லீகின் இறுதி ஆட்டம் ஆளில்லாத அரங்கில் நடந்தது. நம் அணி ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றது. அடுத்த இரண்டு பருவங்களும் கோவாவிலேயே, ஏறக்குறைய வெற்று அரங்குகளிலேயே, ஓடி முடிந்தன. அந்த நாட்களில் உலகம் முழுவதும் தொலைக்காட்சிக்காரர்கள் பதிவு செய்து வைத்த கூச்சலை ஆட்டத்தோடு சேர்த்து ஒளிபரப்பினார்கள். கூச்சல் இல்லாத ஆட்டம் உப்பில்லாத பண்டம் போல இருந்ததுதான் காரணம். இதை நாம் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. ஹோட்டலில் இட்லி தின்பவன் இட்லிக்கு ருசி கொடுப்பதில்லை. ஆனால் ஆட்டம் பார்க்கிறவன் ஆட்டத்துக்கு ருசி கொடுக்கிறான். சரக்கில் ஒரு பங்கை அவனே கொண்டுவருகிறான். பிறகு அதே சரக்குக்கு விலையும் கொடுக்கிறான்.

லிவர்பூல் ரசிகர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். 2016 பிப்ரவரியில் உச்ச டிக்கெட் விலையை 77 பவுனாக உயர்த்தப் போவதாக அவர்களுடைய கிளப் அறிவித்தது. சண்டர்லேண்டுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், சரியாக 77ஆவது நிமிஷத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2–0 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடியும்போது 2–2. அந்த வாரத்திலேயே விலை உயர்வைக் கைவிட்டார்கள். ஜெர்மனியில் டார்ட்மண்ட் அரங்கின் தெற்குப் பகுதியில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். உட்கார்ந்து பார்ப்பதைவிட அதற்கு விலை குறைவு. நம் டூரிங் கொட்டகையின் தரை டிக்கெட்தான் அது. விசில் தரையிலிருந்துதான் கிளம்பும் என்பது எந்தக் கொட்டகை முதலாளிக்கும் தெரியும். பெஞ்சுக்காரனும் நாற்காலிக்காரனும் அந்த விசிலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்கள்.

அப்படியானால் விலையைக் குறைத்தால் அரங்கு நிரம்பிவிடுமா? இதை நான் ஒரு மனிதரிடம் கேட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர், கவரப்பேட்டையில் வீடு. சிறு வயதில் பொன்னேரிப் பக்கத்து ஊர் அணிகளில் இடது பக்கம் ஆடியவர். இன்றும் ஆட்டங்களைக் கைப்பேசியில் விடாமல் பார்க்கிறார்.

"டிக்கெட் விலை யார் சார் கேட்டாங்க?" என்றார். "அது பரவாயில்ல. நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன். ரெண்டு மணி ஷிப்ட்டை விட்டுட்டு வந்தா ஒருநாள் கூலி போச்சு. பையனையும் கூட்டிட்டு வந்தா அவனுக்கு ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கித் தரணும். ஆட்டம் ஒம்பதரைக்கு முடியும். கடைசி நிமிஷத்துல கோல் விழுந்தா, கூச்சல் மட்டும் என் காதுல விழும். நான் ஸ்டேஷன் பக்கம் ஓடிக்கிட்டிருப்பேன்."

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இதில் உள்ள கொடுமை புரியும். கும்மிடிப்பூண்டி வடக்கே ஏறக்குறைய 48 கிலோமீட்டர், திருவள்ளூர் மேற்கே 42 கிலோமீட்டர். இரண்டு ஊர்ப் புறநகர் வண்டிகளும் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் வந்து நிற்கின்றன. அங்கிருந்து அரங்கம் நடை தூரம். இரும்பாலைகளும் உதிரிப் பாகத் தொழிற்சாலைகளும் டயர் தொழிற்சாலையும் நிறைந்த இரண்டு தொழில் வட்டாரங்களின் தண்டவாளங்கள் பந்தாட்டத்தின் வாசலில் கொண்டுவந்து விடுகின்றன. அங்கே வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். பந்து என்றால் உயிரை விடுகிற நாட்டுக்காரர்கள் அந்த வங்காளிகள். 1911 ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை வென்றபோது, உள்ளே இடம் கிடைக்காமல் தூரத்தில் நின்ற ஜனங்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். ஆட்டத்தைக் காணாமலே ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அது. அவர்களுடைய கொள்ளுப் பேரன்மார் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறார்கள். 48 கிலோமீட்டருக்கு இப்பால் நாற்காலிகள் படுத்திருக்கின்றன.

ஆக, டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது விலையின் ஒரு பகுதிதான். அச்சிடாத பகுதிக்கு நேரம் என்று பெயர், கூலி என்று பெயர், கடைசி வண்டி என்று பெயர். இதைக் காணாமல், 'ஜனங்களுக்கு ரசனை இல்லை' என்று சொல்லிவிடுவது மிகவும் சௌகரியம். விலையும் தூரமும் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2025 டிசம்பர் 13ஆம் தேதி கல்கத்தாவில் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கூட்டம் வந்தது. ஆட்டம் ஒன்றும் இல்லை. மனிதர் சில நிமிஷங்களே இருந்தார். அவரையும் பிரமுகர்கள் சூழ்ந்து மறைத்துக்கொண்டார்கள். நாற்காலிகள் மைதானத்துக்குள் பறந்தன. நிரம்பிய நாற்காலியெல்லாம் மகிழ்ந்த நாற்காலி என்று கணக்கெழுத முடியாது.

இலவசம் என்ற குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. கம்பெனி அரசாங்கக் காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போன கடிதங்களின் முத்திரையிலிருந்து பிறந்ததாம் நம் 'ஓசி'. ஓசிப் பாஸை நாம் மரியாதைக் குறைவாகவும் நினைக்கிறோம், கிடைத்தால் பெருமையாகவும் நினைக்கிறோம். பெரிய மனிதர்களுக்குக் கொடுத்த பாஸ்தான் பெரும்பாலும் காலி நாற்காலியாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். எந்த சபாவிலும் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவந்து, கையில் கொடி கொடுத்து, காமிராவுக்கு எதிரே உள்ள பகுதியை நிரப்புகிற வழக்கமும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு மாலை உல்லாசம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் லாரியில் ஆள் பிடித்து வந்து காட்டும் பொதுக்கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. வராமல் இருக்க உரிமையுள்ளவன் வந்தால்தான் அவன் வந்ததற்கு அர்த்தம். அதோடு, இலவசம் என்று ஊருக்கே கதவைத் திறப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி அரங்கின் வாசலில், கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்த கூட்ட நெரிசலில் 11 உயிர்கள் போயின.

எனக்குப் பிடித்த வழி ஒன்று பழைய இங்கிலாந்தில் இருந்தது. ஆட்டம் முக்கால்வாசி முடிந்ததும், சீக்கிரம் வெளியேறுகிறவர்களுக்காக வாசலைத் திறப்பார்கள். காசில்லாத பையன்கள் அந்த வாசல் வழியே உள்ளே நுழைந்து கடைசிக் கால்பங்கைப் பார்ப்பார்கள். வாயிற்காப்போன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் தானம் கொடுக்கவில்லை, யாரும் கை ஏந்தவில்லை. நம் கொட்டகைகளிலும் இடைவேளைக்குப் பிறகு இப்படிச் சில வாயிற்காப்போர்கள் வேறு பக்கம் பார்த்ததுண்டு.

நேரு அரங்கத்தில் காலியாகத் தெரிகிற இரண்டு காலரிகளை மட்டும் இடைவேளையில் திறந்துவிட்டால் என்ன? காசு கொடுத்தவர்களும் வெளியே காத்திருந்து ஓசியில் நுழைந்துவிடுவார்கள் என்பார்கள். நுழையட்டுமே! முதல் பாதியை விட்டுக்கொடுக்க மனமுள்ளவன் அந்த டிக்கெட்டை எப்படியும் வாங்கப் போவதில்லை. நாற்பத்தைந்து நிமிஷம் தெருவில் நிற்பவன் ஒன்றும் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காசு கொடுத்தவனுக்கு நியாயமாக ஒரு மனக்குறை வரும். அதை நான் தள்ளிவிடவில்லை. அவனுக்கு நல்ல இடத்தைக் கொடுங்கள், முழு ஆட்டத்தையும் கொடுங்கள். ஆனால், 'பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்க வேண்டும்' என்று கேட்கிற உரிமையை எந்த டிக்கெட்டிலும் அச்சடித்து நான் பார்க்கவில்லை.

இந்த யோசனையை ஃபிட்டரிடம் சொன்னேன். அவர்கள் ஊர்ப் போட்டிகளில் டிக்கெட்டே கிடையாதாம். இடைவேளையில் இரண்டு பேர் துண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவார்களாம். போட்டவன் எவ்வளவு போட்டான் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் என் யோசனை அவருக்கு அதிசயமாகத் தோன்றவில்லை.

"திறக்கட்டும் சார், நல்லதுதான். ஆட்டம் எந்தக் கிழமையில வைப்பாங்க?"

"ஞாயிற்றுக்கிழமை வைத்தால் உங்களுக்குச் சௌகரியம்தானே?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வண்டி கம்மி சார்" என்றார்.